பினாங்கில் டோப்பியரி பார்த்து வரையலாம்: புதியவர்களுக்கான செய்முறை

செடி வரைய உட்காரும் புதியவர்கள் இலையில்தான் மாட்டிக்கொள்வார்கள். உருண்டை, கூம்பு, பெட்டி என்று வெட்டி வளர்த்த டோப்பியரியில் அந்தத் தொல்லை பாதியாகக் குறையும். எதை விட்டுவிடலாம் என்பதைத் தோட்டக்காரரின் கத்தரி ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது.

இடமும் நேரமும். தண்ணீர்மலை முருகன் கோயிலைத் தாண்டிப் போனால் தாவரவியல் பூங்கா. பழைய கருங்கல் குவாரி இருந்த இடத்தில் 1884-இல் உருவானது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு கொண்டோ வாசலில் உருண்டையாக வெட்டிய ஃபைக்கஸ் (ஆல், அத்தி இனம்) செடியே போதும். காலை 9:30-க்குள் வரையுங்கள், அல்லது மாலை 5 மணிக்கு மேல். நண்பகலில் வெயில் நேர் தலைக்கு மேல் விழும். பக்கவாட்டு நிழல் இல்லாமல் உருவம் தெரியாது.

கொண்டுபோக வேண்டியவை. ஏ5 ஸ்கெட்ச் புக், 2பி, 6பி பென்சில்கள், நடுவில் 6 × 8 செ.மீ. ஜன்னல் வெட்டிய அட்டை. நீர்வண்ணம் தீட்டுவதென்றால் 300 கிராம் தாள் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள்). பையில் பிஸ்கட் வேண்டாம், குரங்குகள் பையோடு கொண்டுபோய்விடும்.

படி 1: சின்னப் படங்கள். அட்டை ஜன்னல் வழியே கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். தீப்பெட்டி அளவில் ஐந்து படங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம். இரண்டு புதர்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தை முதலில் வரையுங்கள். புதர்கள் தாமாகவே சரியான இடத்தில் உட்காரும்.

படி 2: மூன்று நிழல்கள். நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். வெளிச்சம் படும் பக்கத்தில் தாளை வெறுமனே விடுங்கள். நடுப்பகுதிக்கு 2பி, இருட்டுக்கு 6பி. அடர்ந்த இருட்டை உருண்டையின் விளிம்பில் வைத்தால் அது அப்பளமாகிவிடும். விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி வையுங்கள். தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அடி விளிம்பை லேசாக வெளுக்கச் செய்யும், அதைக் காட்டினால்தான் பருமன் வரும். இலைக் கீறல்கள் வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்தில் மட்டும் போதும். எல்லா இடத்திலும் போட்டால் உருவமே கலைந்துவிடும்.

படி 3: பச்சை. டியூப் பச்சையை அப்படியே பூசினால் பிளாஸ்டிக் செடிதான். லெமன் மஞ்சளில் கொஞ்சம் அல்ட்ராமரின் நீலம் சேருங்கள். இருட்டுக்கு நீலத்தைக் கூட்டி, ஒரு துளி பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). நம்மூர் ஈரக் காற்றில் தாள் மெதுவாகத்தான் காயும். புறங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். அதன்மேல் அடுத்த பூச்சுப் போட்டால் நிறம் சேறாகும்.

படி 4: ஆடம்பரத்தைக் கடன் வாங்குதல். 1690-களில் நடத் தொடங்கிய இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹால் தோட்டத்தில் குடை போலவும் சதுரங்கக் காய் போலவும் வெட்டிய யூ என்னும் பசுமை மாறா மரங்கள் நிற்கின்றன. படத்தைப் பார்த்து ஒரே ஒரு உருவத்தை எடுங்கள். உயரத்தை இரட்டிப்பாக்குங்கள் அல்லது ஒரு பக்கம் சாயுங்கள். தோட்டக் கலைஞர் ஆந்த்ரே லெ நோத்ர் வடிவமைத்த பிரான்ஸின் வெர்சாய் அரண்மனைத் தோட்டம் வேறு மாதிரி: அதன் பூப்பாத்தி ஒன்றில் கால் பகுதியை மட்டும் டிரேசிங் தாளில் வரைந்து, திருப்பித் திருப்பிப் பதியுங்கள். புள்ளிக்கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது சுலபம்.

நாலு பக்கமும் அச்சுப்போல வந்தால் படம் உறைந்துபோகும். ஒரு மூலையை மட்டும் கெடுங்கள். யூ மெதுவாக வளரும், வருடத்துக்கு ஒரு வெட்டுப் போதும். நம்மூர் ஃபைக்கஸோ வெட்டிய சில வாரங்களிலேயே விளிம்பில் வெளிர்பச்சைக் கொழுந்து நீட்டிவிடும். அந்தக் கொழுந்தில் நாலைந்தை அப்படியே மூலையில் சேருங்கள்.