முடித்த வீடியோ கேம்களுக்கு ஒரு வருடக் கணக்கு: கூகுள் ஷீட்ஸ் செய்முறை

டிசம்பர் வந்தால், பிசி கேம்களை விற்கும் கடையான ஸ்டீம் ஒரு ‘ரீப்ளே’ தரும், பிளேஸ்டேஷன் ஒரு ‘ராப்-அப்’ தரும். எதை எவ்வளவு நேரம் விளையாடினீர்கள் என்பது அவற்றில் இருக்கும். எதை முடித்தீர்கள் என்பது இருக்காது. பிசியில் முடித்தது ஸ்டீமோடும், டிவியில் பிளேஸ்டேஷன் வழியாக முடித்தது சோனியோடும் நின்றுவிடும். நிண்டெண்டோவின் சுவிட்ச்சில் முடித்தது இரண்டிலும் வராது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்க்க வேண்டுமானால் நாமே எழுதி வைப்பதுதான் வழி.

இதற்கென்றே பேக்லாக்டு, ஹவ்லாங்டுபீட் போன்ற தளங்கள் இருக்கின்றன. இரண்டும் நல்லவை. ஆனாலும் மூலக் கணக்கு உங்கள் கையில் ஒரு ஃபைலாக இருக்க வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து. விளையாடும் நேரத்தைத் தானாகவே பதிவு செய்துவந்த ராப்டர் என்ற சேவை 2017 செப்டம்பரில் மூடப்பட்டது. அதை மட்டுமே நம்பியிருந்தவர்களின் கணக்கும் அதோடு போயிற்று. ஷீட்டில் எழுதிவிட்டுத் தளத்திலும் போடுங்கள். தளத்தில் மட்டும் போடாதீர்கள்.

அமைப்பதற்கு ஒரு தடவை கணினி தேவை. அதன் பிறகு போனே போதும். மெனுப் பெயர்களை ஆங்கில இடைமுகத்தில் உள்ளபடியே சொல்கிறேன்.

முதல் வேலை: ‘முடித்தேன்’ என்றால் என்ன?

ஷீட்டைத் திறப்பதற்கு முன்பே இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பாதி வருடத்தில் விதியை மாற்றினால் ஜனவரியில் எழுதியதும் ஆகஸ்டில் எழுதியதும் ஒரே கணக்கில் சேராது.

நான் பரிந்துரைக்கும் விதி எளிது: கதையின் கிரெடிட்ஸ் (கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியல்) ஓடினால் முடிந்தது. பெரும்பாலான கேம்களுக்கு இது போதும். இடிக்கிற இடங்களும் உண்டு. ஹேடஸில் முதல் தடவை தப்பித்து வெளியே வந்ததும் முடிந்ததுபோல் இருக்கும். ஆனால் கிரெடிட்ஸ் வருவது பத்தாவது தடவை தப்பித்த பிறகுதான். செலஸ்டெயில் ஏழாம் அத்தியாயத்தில் மலையுச்சியை அடைந்ததும் கிரெடிட்ஸ் ஓடிவிடும். எட்டும் ஒன்பதும் அதற்குப் பிறகு. நியர் ஆட்டோமேட்டாவில் முதல் கிரெடிட்ஸ் ஓடும்போது கதையில் பெரும்பகுதி பாக்கி இருக்கும். அங்கே ‘ஏ’ முடிவோடு நிறுத்திவிட்டு ‘முடித்தேன்’ என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். ‘ஈ’ முடிவு வரை போக வேண்டும். இப்படி விதிவிலக்கு வரும்போது, அதே ஃபைலில் ‘விதி’ என்று ஒரு தாவல் போட்டு ஒரு வரி எழுதிவிடுங்கள். அடுத்த வருடம் அதைத்தான் திரும்பப் பார்ப்பீர்கள்.

முடிவே இல்லாத கேம்களுக்கு இலக்கை நீங்களே வைக்க வேண்டும். ஸ்டார்டியூ வேலியில் மூன்றாம் வருடத் தொடக்கத்தில் தாத்தா வந்து பண்ணையை மதிப்பிடுவார்; அது நல்ல எல்லைக்கோடு. சமுதாயக் கூடத்தை முழுக்கச் சீரமைப்பதையும் இலக்காகக் கொள்ளலாம். எதுவானாலும் தொடங்கும்போதே குறித்துவிடுங்கள். ஆன்லைன் ஷூட்டர்களை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே நல்லது.

பத்திகள்

எட்டுக்கு மேல் வைக்காதீர்கள். பத்தி கூடக் கூட நிரப்பச் சலிப்பு வரும், மார்ச்சோடு ஷீட் நின்றுபோகும். எனக்குச் சரியாகப்படுவது இந்த வரிசை: பெயர், தளம் (எந்தக் கருவியில் விளையாடினீர்கள்), வகை, தொடங்கிய தேதி, முடித்த தேதி, நிலை, மணி, குறிப்பு. முதல் வரியில் இவற்றை எழுதி, ‘வியூ’ மெனுவில் ‘ஃப்ரீஸ்’ போய் ஒரு வரியை நிலைநிறுத்துங்கள்.

‘நிலை’ பத்திக்கு மூன்றே சொற்கள்: விளையாடுகிறேன், முடித்தேன், விட்டுவிட்டேன். தள்ளுபடியில் வாங்கி வைத்துத் தொடாத கேம்களை இந்த ஷீட்டுக்குள் விடாதீர்கள். அந்தப் பட்டியல் வந்து உட்கார்ந்தால், முடித்த நாலு கேம் தொடாத நாற்பதுக்குக் கீழே புதைந்துவிடும்.

மதிப்பெண் பத்தி வேண்டாம் என்பது என் கருத்து. முடித்த அன்று எல்லாமே ஒன்பது மார்க் கேமாகத்தான் தெரியும். குறிப்பில் இரண்டு வரி எழுதுங்கள். ஒரு வருடம் கழித்துப் படிக்கையில் எண்ணைவிட அதுதான் பேசும்.

தேதி: பலரும் தடுக்கி விழும் இடம்

எதையும் டைப் செய்வதற்கு முன் ‘ஃபைல்’ → ‘செட்டிங்ஸ்’ → ‘லொகேல்’ (எந்த நாட்டு வழக்கப்படி தேதி எழுதுவது என்ற அமைப்பு) போய்ப் பாருங்கள். அமெரிக்கா என்று இருந்தால் இந்தியா என்று மாற்றுங்கள். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் ஐக்கிய ராஜ்ஜியத்தைத் தேர்ந்தெடுத்தாலும் சரிதான், நாள் முதலில் வரும். அதே இடத்தில் நேர மண்டலத்தையும் சரிபார்த்துவிடுங்கள்.

இதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்க லொகேலில் மாதம்தான் முதலில். 25/12/2025 என்று அடித்தால் 25ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் ஷீட்ஸ் அதைத் தேதியாகவே எடுக்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். இது கண்ணில் பட்டுவிடும்: தேதி என்றால் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து என்றால் இடப்பக்கம். ஆபத்தானது மற்றது. ஏப்ரல் 3 என்று நினைத்து 03/04/2025 அடித்தால், ஷீட்ஸ் அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொண்டு வலப்பக்கம் சமர்த்தாக நிற்க வைக்கும். ஒவ்வொரு மாதமும் முதல் 12 நாட்களில் முடித்த கேம்கள் இப்படி வேறு மாதத்துக்குத் தாவிவிடும். நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருப்பவை மட்டும் தப்பிக்கும்.

பிறகு லொகேலை மாற்றினால் பழையவை சரியாகாது. எழுத்தாக நின்றவை எழுத்தாகவே நிற்கும். மார்ச் 4 ஆகப் பதிவானது மார்ச் 4 ஆகவே இருக்கும். காட்டும் விதம்தான் மாறும். ஒவ்வொன்றாகத் திருத்துவதைத் தவிர வழியில்லை. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: தேதிப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, ‘ஃபார்மட்’ → ‘நம்பர்’ → ‘கஸ்டம் டேட் அண்ட் டைம்’ போய், மாதத்தை எண்ணாக இல்லாமல் பெயராகக் காட்டும் வடிவத்தை வையுங்கள். தவறான மாதம் உடனே தெரிந்துவிடும். இந்த வடிவத்தையே நிரந்தரமாக வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து ஒரு பூட்டு. இரண்டு தேதிப் பத்திகளையும் தலைப்பு வரி நீங்கலாகத் தேர்ந்தெடுத்து, ‘டேட்டா’ → ‘டேட்டா வேலிடேஷன்’ → ‘ஆட் ரூல்’. நிபந்தனை ‘இஸ் வேலிட் டேட்’. கீழே ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ திறந்து ‘ரிஜெக்ட் தி இன்புட்’ தேர்ந்தெடுங்கள். இனி தேதி அல்லாத எதையும் ஷீட் வாங்காது. கட்டத்தில் இரட்டைக் கிளிக் செய்தால் நாட்காட்டியும் திறக்கும். கணினியில் இன்றைய தேதி போட கன்ட்ரோலும் அரைப்புள்ளியும் சேர்த்து அழுத்தினால் போதும்.

தளம், வகை, நிலை: டைப் செய்யாதீர்கள்

இந்த மூன்று பத்திகளுக்கும் ‘இன்சர்ட்’ → ‘டிராப்டவுன்’ போட்டு, தேர்வுகளை ஒரே தடவை எழுதிவிடுங்கள். கையால் அடித்தால் ஒருநாள் ‘பிஎஸ்5’, இன்னொருநாள் ‘பிஎஸ் 5’ என்று வரும். நமக்கு இரண்டும் ஒன்று, ஷீட்டுக்கு இரண்டு தளங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ‘போன்’ என்பதில் உள்ள ஓகாரக் குறி யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கப்படலாம், ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கப்படலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். தேடும்போதும் எண்ணும்போதும் இடறலாம். கணினியில் ஒரு கீபோர்டு, போனில் வேறு கீபோர்டு என்று பயன்படுத்துபவர்கள் டிராப்டவுனை விடவே கூடாது.

‘வகை’ பத்தியில் முதல் முறை, மறுமுறை, டிஎல்சி (ஒரு கேமோடு தனியாகச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பகுதி) என்று மூன்று போதும். மறுபடி விளையாடி முடித்தால் பழைய வரியைத் தொடாமல் புது வரி போடுங்கள். தனக்கென்று கதையும் முடிவும் உள்ள பெரிய டிஎல்சிக்கும் தனி வரி தரலாம்: எல்டன் ரிங்கின் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ, சைபர்பங்க் 2077இன் ஃபேன்டம் லிபர்ட்டி போன்றவை. உடை, ஆயுதம் விற்கும் டிஎல்சிகளுக்கு வரி எதற்கு? மாஸ் எஃபெக்ட் லெஜண்டரி எடிஷன் போன்ற தொகுப்பில் மூன்று கேம்கள் இருக்கின்றன. மூன்று வரி போடுங்கள்.

மணி

தசம எண்ணில் எழுதுங்கள். பன்னிரண்டரை மணி என்றால் 12.5. இதை 12.30 என்று எழுதினால் 12 மணி 18 நிமிடம் ஆகிவிடும். 12:30 என்று எழுதினால் ஷீட்ஸ் அதை ஒரு நாளின் பின்னமாக, சுமார் 0.52 என்று உள்ளே வைத்துக்கொள்ளும். மற்ற மணிகளோடு கூட்டும்போது அந்தக் கேமுக்கு அரை மணிதான் சேரும். அரை மணிக்கு முழுமைப்படுத்தினால் போதும், நிமிடக் கணக்கு தேவையில்லை.

எண்ணை எங்கிருந்து எடுப்பது? ஸ்டீம் லைப்ரரியில் கேம் பக்கத்திலேயே இருக்கும். கேமை இடைநிறுத்திவிட்டுச் சாப்பிடப் போன நேரமும் அதில் சேரும் என்பதை நினைவில் வையுங்கள். பிஎஸ்5இல் உங்கள் புரொஃபைலின் ‘கேம்ஸ்’ பகுதியில் பாருங்கள். சுவிட்ச்தான் சங்கடம்: முதல் பத்து நாட்களுக்கு மணியே காட்டாது, பிறகும் ஐந்தைந்து மணியாகத்தான் ஏற்றிக் காட்டும். நிண்டெண்டோவின் பேரண்டல் கன்ட்ரோல்ஸ் செயலியைப் போனில் போட்டு இணைத்துவிட்டால், எந்தக் கேம் எந்த நாள் எத்தனை நிமிடம் என்று அது காட்டும். குழந்தைகளுக்கானது என்றாலும் கணக்கு வைக்க இதைவிட வசதி சுவிட்ச்சில் இல்லை. கேமின் சேவ் ஃபைலே நேரம் காட்டினால் எல்லாவற்றையும்விட அதையே நம்புங்கள்.

ஸ்டீம் காட்டுவது மொத்த நேரம். மறுமுறை விளையாடும்போதும் டிஎல்சிக்கும் பழைய வரியின் மணியைக் கழித்துத்தான் எழுத வேண்டும். அதனால் முடித்த அன்றே மணியைக் குறித்துவிடுவது முக்கியம்.

கேம்களின் எண்ணிக்கை மட்டும் ஒரு வருடத்தைக் காட்டாது என்பதால்தான் இந்த ‘மணி’ பத்தி. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையில் நடக்கும் ‘வெண்பா’ (2023) சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பெர்சோனா 5 ராயல் நூறு மணியைத் தொடும். இரண்டுக்கும் ஷீட்டில் ஆளுக்கொரு வரிதான். ‘வருடத்துக்கு 52 கேம்’ என்று இலக்கு வைத்தால் நீளமான கேம்களை உங்களை அறியாமலே ஒதுக்கத் தொடங்குவீர்கள். இலக்கு வைக்கவே வேண்டாம் என்பேன்.

டிசம்பரில் தொடங்கி ஜனவரியில் முடித்த கேம், முடித்த வருடத்துக்கே சேரும், மணி மொத்தமும் அதோடு. பிரித்துக் காட்டத்தான் வேண்டும் என்றால் டிசம்பர் 31 அன்று இருந்த மணியைக் குறிப்பில் எழுதுங்கள்.

வருடத்தின் நடுவில் தொடங்குபவர்களுக்கு

ஜனவரியிலிருந்து முடித்தவற்றின் தேதி நினைவில்லை என்று விட்டுவிட வேண்டாம். கேமில் ஒரு கட்டத்தைத் தாண்டியதும் கிடைக்கும் ஸ்டீம் அச்சீவ்மென்ட், பிளேஸ்டேஷன் டிராஃபி, எக்ஸ்பாக்ஸ் அச்சீவ்மென்ட் ஒவ்வொன்றிலும் கிடைத்த தேதி இருக்கும். கதையை முடித்ததற்கான அச்சீவ்மென்டைத் தேடிப் பிடித்தால் தேதி கிடைத்துவிடும். சுவிட்ச்சில் அச்சீவ்மென்ட் கிடையாது. ஆல்பத்தில் உள்ள ஸ்கிரீன்ஷாட்களின் தேதிதான் துணை. இனிமேல் கிரெடிட்ஸ் ஓடும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், எந்தத் தளமானாலும்.

கூட்டிப் பார்ப்பது

ஃபார்முலா எழுதத் தேவையில்லை, பட்டியலைத் தானே தொகுத்துக் கூட்டித் தரும் பிவட் டேபிள் போதும். எட்டுப் பத்திகளையும் முழுப் பத்தியாக, மேலே உள்ள எழுத்தை அழுத்தித் தேர்ந்தெடுங்கள். நிரம்பிய வரிகளை மட்டும் தேர்ந்தெடுத்தால் நாளை கீழே சேர்க்கும் கேம் கணக்கில் வராது. பிறகு ‘இன்சர்ட்’ → ‘பிவட் டேபிள்’ → புது ஷீட்.

‘ரோஸ்’ பகுதியில் முடித்த தேதி. ‘வேல்யூஸ்’ பகுதியில் பெயரைச் சேர்த்து ‘கவுண்ட்ஏ’ (எண்ணிக்கை), மணியைச் சேர்த்து ‘சம்’ (கூட்டல்). ‘ஃபில்டர்ஸ்’ பகுதியில் நிலை. அங்கே மதிப்புகளை டிக் செய்யாமல் ‘ஃபில்டர் பை கண்டிஷன்’ → ‘டெக்ஸ்ட் இஸ் எக்ஸாக்ட்லி’ → முடித்தேன். காலி வரிகளும் விட்டுவிட்டவையும் இதிலேயே விலகிவிடும். இப்போது ஒவ்வொரு தேதியும் தனித்தனி வரியாக நிற்கும். ஏதாவது ஒரு தேதியில் வலது கிளிக் செய்து, ‘கிரியேட் பிவட் டேட் குரூப்’ போய், வருடமும் மாதமும் சேர்ந்த தேர்வை எடுங்கள். மாதவாரியாக மடங்கிவிடும். மடங்காமல் ஏதாவது தேதி தனியே நின்றால் அது எழுத்தாகப் பதிந்த தேதி. மேலே சொன்னபடி திருத்துங்கள்.

பிற்சேர்க்கை: எக்செல், பேக்கப்

எக்செல்லில் செய்பவர்களுக்கு: அங்கே லொகேல் ஃபைலில் இல்லை, விண்டோஸின் ‘ரீஜன்’ அமைப்பில் இருக்கிறது. பிவட்டில் தேதியை வலது கிளிக் செய்து ‘குரூப்’ கொடுக்கும்போது தொகுக்க முடியாது என்று மறுத்தால், பெரும்பாலும் பத்தியில் எங்கோ ஒரு தேதி எழுத்தாக நிற்கிறது என்று பொருள்.

வருடத்துக்கு ஒரு தடவையாவது ‘ஃபைல்’ → ‘டவுன்லோட்’ போய் ஒரு பிரதி இறக்கி வையுங்கள். சிஎஸ்வி (வெறும் எழுத்தாகச் சேமிக்கும் ஃபைல்) வடிவத்தில் இறக்கி எக்செல்லில் இரட்டைக் கிளிக் செய்தால் தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாக வரக்கூடும். தரவு கெடவில்லை, எக்செல் அதை யூடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா எழுத்துகளையும் சேமிக்கும் குறியீட்டு முறை) என்று உணராததுதான் காரணம். எக்செல்லின் ‘டேட்டா’ மெனுவில் உள்ள ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாகத் திறந்து யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்தால் சரியாக வரும். அந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் எக்செல்லின் சொந்த வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸில் இறக்கிக்கொள்ளுங்கள்.

ஜனவரி 1 அன்று புது ஷீட் தொடங்க வேண்டியதில்லை. அதே பட்டியலின் கீழேயே தொடருங்கள். வருடத்தைப் பிவட் பிரித்துக்கொள்ளும்.