கண் எரிகிறதா? திரையைத் தாழ்த்துங்கள்

கணினித் திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்திலிருந்து அரைச்சாண் கீழே இறக்கி வையுங்கள். இமைகள் ஒன்றையொன்று தொடும்படி அடிக்கடி முழுதாக மூடித் திறங்கள். நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கும் நாம், திரையையே வெறித்துப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. பார்வை தாழ்ந்தால் மேலிமை இறங்கிவிடும், கண்ணீர்ப் படலம் சீக்கிரம் காயாது. இமையோரச் சுரப்பிகளின் எண்ணெய் அந்தப் படலத்தின்மேல் பரவ, அரை இமைப்பு போதாது.

கொழிஞ்சாம்பாறை, வாளையாறு பக்கத்தில் இருப்பவர்கள் மார்கழி, தையில் கட்டாயம் செய்ய வேண்டியது இது. பாலக்காட்டுக் கணவாயில் நுழையும் வறண்ட கிழக்குக் காற்று கண்ணை அப்படிக் காயவைக்கும்! சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள்.

கண்வலி, பார்வை மங்கல், முகவாதத்தால் மூடாத இமை என்றால் இந்த உபாயம் உதவாது. தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.