இதய வால்வு ஆபரேஷன் செய்யும்போதே ஏஎஃப் என்ற துடிப்புக் கோளாறையும் கவனியுங்கள்: நாங்கள் செய்த தவறுகள், நீங்கள் தவிர்க்க வேண்டியவை

என் அத்தைக்கு மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள வால்வு) மாற்றுவதற்கு முந்தைய வாரம் வீட்டில் எல்லாரும் மூன்றே கேள்விகள்தான் கேட்டோம். எந்த வால்வு, எவ்வளவு செலவு, ரத்தம் கொடுக்க எத்தனை பேர் வேண்டும். ஈசிஜி ரிப்போர்ட்டின் மேல் ஓரத்தில் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று அச்சாகியிருந்தது. அதைப் பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே கையெழுத்துப் போட்டோம். நாங்கள் செய்த முதல் தவறு அதுதான்.

சிறு வயதில் வரும் ருமாட்டிக் காய்ச்சல் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டால், ரத்தம் கீழே இறங்க முடியாமல் இதயத்தின் இடது மேலறை வருடக்கணக்கில் வீங்குகிறது. வீங்கிய சுவரில் மின்னோட்டம் தாறுமாறாகி, அறை துடிப்பதற்குப் பதில் நடுங்க ஆரம்பிக்கிறது. இதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏஎஃப். மைட்ரல் ஆபரேஷனுக்கு வருகிறவர்களில் மூன்றில் ஒருவர் முதல் பாதிப்பேர் வரை இதோடுதான் வருகிறார்கள். அத்தையின் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால் தெரியும்: இரண்டு துடிப்பு சேர்ந்தாற்போல் வரும், அப்புறம் ஒரு இடைவெளி, பிறகு அவசரமாக நான்கு.

"வால்வைச் சரிசெய்தால் படபடப்பும் தானாகப் போய்விடும்" என்றுதான் நாங்கள் நினைத்தோம். சிலருக்குப் போகும், பலருக்குப் போகாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் விடாத ஏஎஃப் உள்ள 260 மைட்ரல் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. வால்வு வேலை மட்டும் செய்தவர்களில் சுமார் 29 சதவீதம் பேர்தான் ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் ஏஎஃப் இல்லாமல் இருந்தார்கள். அதே ஆபரேஷனில் ஏஎஃப்-க்கும் சிகிச்சை செய்தவர்களில் இது 63 சதவீதம்.

அந்தச் சிகிச்சைக்கு மேஸ் என்று பெயர். 1987-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜேம்ஸ் காக்ஸ் என்ற சர்ஜன் முதலில் செய்தார். வயலில் வரப்பு போட்டுத் தண்ணீரை ஒரே வாய்க்காலில் விடுவோமே, அதுபோலத்தான். மேலறைச் சுவரில் சில கோடுகளைத் தழும்பாக்கினால் மின்னோட்டம் அவற்றைத் தாண்டாது, போக வேண்டிய வழியில் மட்டும் போகும். அன்று கத்தியால் வெட்டித் தைத்தார்கள். இன்று பெரும்பாலும் ரேடியோ அலைச் சூட்டிலோ கடுங்குளிரிலோ அந்தக் கோடுகளைப் போடுகிறார்கள். மார்பு எப்படியும் திறந்திருக்கிறது. இதற்காக மட்டும் இன்னொரு முறை திறக்க யாரும் சம்மதிக்கப் போவதில்லை. அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள் என்கிறேன்.

அதற்காக "எல்லாருக்கும் செய்தே ஆக வேண்டும்" என்று பிடிவாதம் பிடிப்பதும் தவறு. ஆபரேஷனின்போது இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் ஹார்ட்-லங் மெஷினில் இருக்கும் நேரம் கூடும். மேலே சொன்ன ஆய்விலேயே, மேஸ் செய்தவர்களுக்குப் பேஸ்மேக்கர் தேவைப்பட்டது இரண்டு மடங்குக்கும் மேல். மேலறை மிகவும் பெருத்து, ஏஎஃப் பல வருடம் பழகிப்போனவர்களுக்குப் பலன் குறைவு. "என் எக்கோவில் இடது மேலறை எத்தனை சென்டிமீட்டர்? எனக்கு இது பலன் தருமா?" என்று கேட்டால் டாக்டர் உங்கள் கணக்கைச் சொல்லிவிடுவார்.

மேஸ் வேண்டாம் என்று முடிவானாலும் இன்னொரு கேள்வியை விடாதீர்கள். இடது மேலறையின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சிறு பை தொங்குகிறது, அப்பெண்டேஜ் என்பார்கள். ஏஎஃப்-இல் ரத்தம் தேங்கி உறைவது பெரும்பாலும் அதற்குள்தான். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 27 நாடுகளில் ஏஎஃப்-ஓடு இதய ஆபரேஷனுக்கு வந்த சுமார் 4,800 பேரில் பாதிப்பேருக்கு இந்தப் பையை மூடினார்கள். ஏறக்குறைய நான்கு வருடத்தில் பக்கவாதமோ, வேறு உறுப்பில் ரத்தக்கட்டி அடைப்போ வந்தது மூடியவர்களில் 4.8 சதவீதம், மூடாதவர்களில் 7 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது, இரு பக்கத்திலும் பெரும்பாலானோர் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையையும் விடாமல் சாப்பிட்டார்கள்.

அடுத்த பெரிய தவறு அந்த மாத்திரையில்தான் நடக்கிறது. "இப்பதான் நெஞ்சு ஒழுங்கா அடிக்குதே, அப்புறம் எதுக்கு இது?" என்று அத்தை கேட்டார். உலோக வால்வு வைத்தவருக்கு, துடிப்பு எவ்வளவு சீராக இருந்தாலும், அசிட்ரோமோ வார்ஃபரினோ ஆயுள் முழுக்க வேண்டும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு என்றால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்) வழக்கமாக 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைக்கு நீங்களாக மாறிவிடாதீர்கள். உலோக வால்வுக்காரர்களுக்கு அப்படிப்பட்ட மாத்திரையான டபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த சோதனையில் ரத்தக்கட்டி, ரத்தக்கசிவு இரண்டுமே கூடியதால் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். விலங்குத் திசுவால் செய்த வால்வு என்றால் கணக்கு வேறு, அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அசிட்ரோம் சாப்பிடுகிறோம் என்று கீரையை அடியோடு நிறுத்தத் தேவையில்லை. வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும். மூட்டுவலிக்குக் கடையில் நீங்களாக மாத்திரை வாங்குவதுதான் ஆபத்து. அசிட்ரோம் 1, 2, 3, 4 மில்லிகிராம் என்று வருகிறது, வாங்கும் ஒவ்வொரு முறையும் அட்டையில் எண்ணைப் பாருங்கள்.

ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்தில் படபடப்பு திரும்பினால் வீடே கலங்கிப்போகும். வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு இது மிகச் சாதாரணம், அதுவும் இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள். மேஸ் பலித்ததா என்று முதல் மூன்று மாதம் முடியும்வரை டாக்டர்களே தீர்ப்புச் சொல்வதில்லை. ஆனால் படபடப்புக்கு அமியோடரோன் எழுதினால், அது அசிட்ரோமின் வேகத்தைக் கூட்டும் என்பதால் ஐஎன்ஆரை அடிக்கடி பார்க்க வேண்டும். யாரும் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

ருமாட்டிக் காய்ச்சலுக்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை, வால்வு மாற்றியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். மேஸ் செய்தார்களா, அப்பெண்டேஜை மூடினார்களா, வால்வு எந்த வகை, என்ன அளவு என்பது அதில்தான் இருக்கும். அத்தையின் குறிப்பு எங்களுக்குக் கிடைக்க நான்கு மாதம் ஆனது. அப்பெண்டேஜ் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.