கூரையை விட்டுவிட்டுக் குளிரூட்டி வாங்காதீர்கள்: நூதனசாலைப் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசி மாதத்துக் காலை நேரம். திருகோணமலையில் ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம் ஒன்றின் உள்ளறை. அரும்பொருட்களைச் சேமித்து வைத்திருந்த அந்த அறையை ஓர் அம்மா கூட்டிக்கொண்டிருந்தார். கிழக்குச் சுவரின் அடியில் மட்டும் மாவைத் தூவியதுபோல் வெள்ளைத் தூள் நீளமாகக் கிடந்தது. "தினமும் கூட்டுகிறேன் ஐயா. அடுத்த நாள் இதே இடத்தில் இவ்வளவும் விழுந்து கிடக்கிறது. மற்றச் சுவர்களில் இல்லை" என்றார். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

இரண்டு ஆண்டுகளாக அவர் அந்தத் தூளைக் கூட்டி அள்ளியிருக்கிறார். அறைக்குப் பொறுப்பாக இருந்த எவரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பராமரிப்புப் பதிவேட்டில் அந்தச் சுவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் அதே காலத்தில் அந்தக் கட்டடத்துக்கு இரண்டு புதிய குளிரூட்டிகள் வந்து இறங்கியிருந்தன.

பல ஊர்களில் பல கட்டடங்களை வைத்திருக்கும் பெரிய நூதனசாலை நிறுவனங்களில் கட்டடப் பராமரிப்புக்கும் வளச் சிக்கனத்துக்கும் தலைமை ஏற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் நெடுங்காலம் இந்த வேலையில் இருந்தவன். அரும்பொருளைப் பார்ப்பவர் ஒருவர், கட்டடத்தைப் பார்ப்பவர் இன்னொருவர், மின்கட்டணத்தைப் பார்ப்பவர் மூன்றாமவர் என்று பிரித்து வைப்பதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன. ஓர் அரும்பொருளுக்கு முதற் பேழை அது இருக்கும் கட்டடத்தின் கூரையும் சுவரும்தான். கண்ணாடிப் பேழை அதற்கு அடுத்தது.

சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்துப் பூச்சு

அந்தக் கிழக்குச் சுவருக்கு என்ன நடந்தது என்று தேடிப் பார்த்தபோது, சில ஆண்டுகளுக்கு முன்னர் வெளிப்புறத்தில் நல்ல கனமாகச் சீமெந்து பூசியிருந்தது தெரியவந்தது. மழை உள்ளே வராமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்த வேலை அது.

இந்தக் கரையோரத்தின் பழைய கட்டடங்கள் பல, கல்லும் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பப்பட்டவை. அத்தகைய சுவர் மாரியில் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், வெயில் ஏறியதும் வெளியே விட்டுவிடும். வெளிப்புறத்தைச் சீமெந்தால் அடைத்துவிட்டால், நிலத்திலிருந்து ஏறும் ஈரத்துக்கும் விரிசல் வழியே புகும் மழைநீருக்கும் போக்கிடம் இல்லை. அது உட்புறமாகத் திரும்பி அறைக்குள் வெளியேறுகிறது. கடற்காற்றும் நிலமும் கொடுத்த உப்பையும் கூடவே கொண்டுவருகிறது. சாதாரண கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் படிகமாகும். படிகம் வளரும்போது கல்லின் நுண்துளைகளை உள்ளிருந்தே உடைக்கிறது. திருகோணமலையில் வாடைக்காலம் முழுவதும் கரைசல். பிறகு வெயிலும் கச்சான் எனும் தென்மேற்குக் காற்றும் வந்ததும் படிகம். ஒவ்வோர் ஆண்டும் சுவர் ஒரு தோலை உரித்துப் போடுகிறது. அந்தத் தோல் கீழே இருக்கும் இரும்பு நங்கூரத்தின் மேலும் பீரங்கிக் குண்டின் மேலும் விழுந்தால், இரும்பும் உரியத் தொடங்கும்.

தீர்வு புதிய பூச்சுமருந்து எதிலும் இல்லை. சீமெந்தைக் கவனமாக உடைத்தெடுத்து, சுவரை உலரவிட்டு, சுண்ணாம்புச் சாந்தாலேயே பூச வேண்டும். உப்பு முதலில் தின்பது அந்தப் பூச்சைத்தான். சில ஆண்டுகளில் அதை மாற்றிக்கொள்ளலாம், கல் தப்பிவிடும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக இருந்தால் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது. அந்த அனுமதிக்கு எடுக்கும் மாதங்களையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டுச் செய்த வேலையால்தான் அந்தச் சீமெந்து அங்கே ஏறியது.

இரவில் நிறுத்திவைக்கும் குளிரூட்டி

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிக்கனம் என்ற பெயரில் அதிகம் நடப்பதும், அதிகம் அழிப்பதும் இதுதான்.

காலை 9 மணிக்குக் குளிரூட்டி ஓடத் தொடங்குகிறது. மாலை 5 மணிக்குப் பார்வையாளர் போனதும் நிறுத்தப்படுகிறது. மின்கட்டணம் குறைகிறது, மேலதிகாரி மகிழ்கிறார். அறைக்குள் நடப்பதைப் பாருங்கள். வெளியே 30 பாகை வெப்பமும் 80 சதவீத ஈரப்பதனும் உள்ள காற்று, 26 பாகை அளவுக்குக் குளிர்ந்தாலே பனியாகப் படியத் தொடங்கிவிடும். பகல் முழுவதும் 22 பாகையில் குளிர்ந்து கிடந்த சுவர், உலோகம், கண்ணாடி எல்லாம் அதைவிடக் குளிராக இருக்கின்றன. இயந்திரம் நின்று, கதவிடுக்காலும் யன்னலாலும் வெளிக்காற்று மெல்லப் புகுந்ததும், குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலில் வியர்ப்பதுபோல் எல்லாவற்றின் மேலும் ஈரம் படிகிறது. மரமும் தந்தமும் ஓலைச்சுவடியும் இரவில் ஊதிப் பகலில் சுருங்குகின்றன. ஓர் ஆண்டில் முந்நூறு தடவைக்கு மேல் இப்படி ஊதிச் சுருங்கும் ஓலையில் எழுத்தாணிக் கீறலின் ஓரம் வெடிக்காமல் என்ன செய்யும்?

ஈரப்பதன் 65 சதவீதத்துக்கு மேல் நெடுநேரம் நின்றால் பூஞ்சணம் வரும். அளவுக்கு மிஞ்சிய பெரிய குளிரூட்டி நிலைமையை இன்னும் மோசமாக்கும். அது அறையை நொடியில் குளிர்வித்துவிட்டு நின்றுவிடுகிறது. காற்றிலுள்ள நீரைப் பிழிந்தெடுக்க அதற்கு நேரமே கிடைப்பதில்லை. குளிராகவும் ஈரமாகவும் இருக்கும் அறையைவிட, வெம்மையாகவும் காற்றோட்டமாகவும் இருக்கும் அறை பல பொருட்களுக்கு நல்லது.

நான் பரிந்துரைப்பது இதுதான்: கட்டடம் முழுவதையும் அரை நாள் குளிர்விக்கும் பணத்தில், சிறிய அறை ஒன்றை மட்டும் 24 மணிநேரமும் ஒரே நிலையில் வைத்திருங்கள். ஓலை, துணி, காகிதம், பழைய ஒளிப்படங்கள் அங்கே போகட்டும். செம்பு, வெண்கலப் பொருட்களை நெருக்கமாக மூடும் பேழையில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் ஈரத்தை வாங்கி நிரம்பியதும் அடுப்பில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். கல்லுக்கும் மட்பாண்டத்துக்கும், அவற்றில் உப்பு ஊறியிராவிட்டால், விசிறியும் நிழலும் போதும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்ததே, அந்த நாட்களில் தாக்குப்பிடித்தவை தடித்த சுவர் உள்ள அறைகளும் நன்றாக மூடிய பேழைகளும்தான்.

20 பாகை, 50 சதவீதம் என்ற பழைய வாய்பாட்டையும் விட்டுவிடுங்கள். குளிர்நாடுகளில் அங்குள்ள கட்டடங்களுக்கு ஏற்ப வந்த எண்கள் அவை. உலகின் பெரிய நூதனசாலைகளின் தலைவர்கள் கூடும் பிசோ குழுவே, பெரும்பாலான பொருட்களுக்கு 16 முதல் 25 பாகை வரை, 40 முதல் 60 சதவீதம் வரை, ஒரு நாளில் 10 சதவீதத்துக்கு மிகாத ஏற்ற இறக்கம் என்று வழிகாட்டலைத் தளர்த்திவிட்டது. தலைமுறைகளாக இந்த ஊர்க் காற்றில் பழகிய பொருளுக்கு எண்ணைவிட நிலைத்தன்மைதான் முக்கியம்.

கொழும்பின் நாட்காட்டி

பெரிய நிறுவனங்களுக்கே உரிய தவறு ஒன்று உண்டு. தலைமையகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பும்: எல்லாக் கிளைகளும் ஏப்ரல் மாதத்தில் கூரையையும் பீலிகளையும் துப்புரவு செய்ய வேண்டும். கொழும்புக்கு அது சரி; மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை வருகிறது. திருகோணமலையில் ஏப்ரலுக்குப் பிறகு வருவது கச்சான். காய்ந்த காற்று வேப்பிலையையும் தூசியையும் அள்ளிக்கொண்டுபோய் அதே பீலியில் மீண்டும் நிரப்பும். இங்கே மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டுகிறது. ஆகவே ஏணி ஏற வேண்டிய மாதம் செப்டெம்பர். பிறகு தீபாவளியை ஒட்டி இன்னொரு தடவை. அறிக்கையில் "பணி முடிந்தது" என்று ஏப்ரலில் அடையாளமிட்டுவிட்டதால் நவம்பரில் ஓடு வழியே நீர் இறங்கிய கட்டடத்தை நான் பார்த்திருக்கிறேன்.

கொள்வனவிலும் இதே கதைதான். ஒரே கேள்விப்பத்திரத்தில் எல்லா ஊருக்கும் ஒரே ஆணி, ஒரே சட்டகம், ஒரே குளிரூட்டி. திருகோணமலையின் டச்சுக்குடாக் கடலைப் பார்த்திருக்கும் சுவரில் சாதாரண ஆணி துருப்பிடித்துச் சுவரையே பிளக்கும். கடலோரத்துக்கு 316 வகைத் துருவேறா உருக்கு வேண்டும். விலை கூடும், ஆனால் மாற்ற வேண்டியிராது. குளிரூட்டியின் வெளி அலகை மாதந்தோறும் நன்னீரால் கழுவுவதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். எழுதாததை எவரும் செய்யமாட்டார்கள்.

முதலில் சூரியத் தகடு, பிறகு கூரை

2016இல் கூரைச் சூரிய மின்சாரத்துக்கான அரசின் சூரிய பல சங்கிராமம் திட்டம் தொடங்கிய பிறகு, கூரையில் தகடு போடுவதே வளச் சிக்கனத்தின் அடையாளமாகிவிட்டது. எனக்கும் அதில் பெரு விருப்பம் உண்டு. இந்த ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வரிசை தவறக்கூடாது. ஒழுகும் கூரையில் துளையிட்டுத் தகடு பொருத்தினால், அடுத்த மாரியில் ஒழுக்கைத் தேடத் தகட்டைத்தான் கழற்ற வேண்டியிருக்கும். முதலில் ஒழுக்கு, அடுத்து நிழல், யன்னல் மறைப்பு, கதவிடுக்கு, எல்.ஈ.டி. விளக்கு. துணிக்கும் ஓலைக்கும் 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் தேவையில்லை. வெளிச்சம் குறைந்தால் வெப்பமும் குறையும். இவ்வளவும் செய்த பிறகு எவ்வளவு மின்சாரம் தேவை என்று அளந்து, அதற்கேற்பத் தகடு போடுங்கள். பழைய ஓட்டுக்கூரையை விட்டுவிட்டு வாகனத் தரிப்பிடத்தின் கூரையில் போட்டால் அனுமதிச் சிக்கலும் குறையலாம்.

கழிவையும் இதில் மறந்துவிடுகிறார்கள். இங்குள்ள பிரட்றிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் பொலித்தீனை மென்றுகொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நுழைவாயிலில் குடிநீர்க் குழாய் ஒன்றும் மூடியுள்ள தொட்டி ஒன்றும் இருந்தால் பாதிக் கழிவு குறையும்.

திறப்புவிழா மாலைகளை இரவு முழுவதும் காட்சியறையில் விட்டுவைக்காதீர்கள். எறும்பும் வண்டும் அவற்றோடுதான் வருகின்றன. வந்த பிறகு புகையடிப்பதால் பேழைக்குள் இருக்கும் புழு சாகாது, காவலரின் நெஞ்சுதான் பாழாகும். பூச்சி அரித்த துணியையும் மரத்தையும், குளிரைத் தாங்கும் வகைதானா என்று பாதுகாப்பு நிபுணரிடம் கேட்டுக்கொண்டு, காற்றுப் புகாமல் கட்டி, மறை 20 பாகை உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் போதும்.

தீயும் வெள்ளமும்

2018 செப்டெம்பர் 2ஆம் திகதி இரவு, ரியோ டி ஜெனிரோவில் பிறேசிலின் தேசிய நூதனசாலை எரிந்தது. 1818இல் தொடங்கிய நிறுவனம், ஏறத்தாழ 2 கோடிப் பொருட்கள். தீ தொடங்கியது மண்டபத்துக் குளிரூட்டி ஒன்றில் என்று விசாரணை சொன்னது. தீயணைப்பு வீரர்கள் வந்தபோது அருகிலிருந்த நீர்க்குழாய்களில் நீர் இல்லை. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் எங்கள் வளவின் தீயணைப்புக் குழாயைத் திறந்து பார்க்கச் சொன்னேன். காற்று மட்டும் வந்தது.

தானியங்கி நீர்த்தெளிப்பானை, எல்லாப் பொருளும் நனைந்துவிடும் என்று பயந்து மறுப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லா முனைகளும் ஒன்றாகத் திறப்பதில்லை. சூடேறிய முனை மட்டும் திறக்கிறது. நனைந்த ஓலையை உலர்த்தலாம்.

2004 ஆழிப்பேரலையையும், 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இந்தக் கரையில் ஏறிய புரவிப் புயலையும் கண்ட ஊர் இது. எந்தப் பொருளையும் வெறுந்தரையில் வைக்காதீர்கள். 15 சென்ரிமீற்றர் உயரமாவது வேண்டும். முதலில் தூக்க வேண்டிய பொருட்களின் பட்டியல் ஒன்றும் வேண்டும். பல இடங்களில் அந்தப் பட்டியல் இருக்கிறது, ஆங்கிலத்தில், பணிப்பாளரின் மேசை இழுப்பறையில். புயல் இரவில் அங்கே இருப்பவர் காவலாளி. நாங்கள் அதைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுதி, பொருளின் படத்தையும் பேழைச் சாவியின் இலக்கத்தையும் பக்கத்தில் ஒட்டி, காவற்கூட்டின் உட்சுவரில் தொங்கவிட்டோம். முதல் வாரத்திலேயே அங்கிருந்த காவலாளி என்னைக் கூப்பிட்டார். "ஐயா, ஐந்தாவது பேழையைத் தனியாளாகத் தூக்க முடியாது. இரண்டு பேர் வேண்டும். இரவில் நான் ஒருவன்தான்" என்றார். அன்றைக்கே ஐந்தாவது பேழையிலிருந்த பொருட்களை மூன்று சிறிய பெட்டிகளாகப் பிரித்தோம்.