ரோமானிய நாணயங்களில் அச்சுப் பிழை தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி ரோமானியப் பேரரசர் டிராஜன் காலத்து டெனாரியஸ் என்ற வெள்ளி நாணயம் ஒன்றைக் கொண்டுவந்தார். "அண்ணா, ப்ரோக்கேஜ் கிடைச்சிருக்கு!" என்றார். ஒரு பக்கத்து முகமே மறுபக்கத்தில் குழிவாக விழும் அச்சுப் பிழை அது. திருப்பிப் பார்த்ததும் எனக்கு மனசு கனத்துவிட்டது. பல வருடங்களுக்கு முன் நான் ஏமாந்ததும் இப்படித்தான். ஆசிட்டில் போடாதீர்கள், கம்பியால் சுரண்டாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அழுத்திய குழியை ப்ரோக்கேஜ் என்று நம்புவது

ரோமானிய நாணயங்கள் கையால் அடிக்கப்பட்டவை. பேரரசர் முகம் செதுக்கிய அச்சு கீழே பட்டறைக்கல்லில் பதிந்திருக்கும். வெற்று உலோக வில்லையை அதன்மேல் வைத்து, பின்பக்க அச்சை மேலே பிடித்துச் சுத்தியலால் அடிப்பார்கள். எப்போதாவது அடித்த நாணயம் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்து அடித்தால், ஒட்டிய நாணயமே அச்சு வேலை பார்த்துவிடும். புது நாணயத்தில் ஒரு பக்கம் முகம் புடைப்பாகவும், மறுபக்கம் அதே முகம் குழிவாக, இடவலம் மாறியும் விழும். இதுதான் ப்ரோக்கேஜ்.

"அதே முகம்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே கீழ் அச்சிலிருந்து வந்தவை. நான் வாங்கியதில் புடைப்பு முகத்தில் வாகை மாலையின் நாடா கழுத்தின்மேல் விழுந்திருந்தது. குழிவு முகத்தில் பின்னால் விலகி நின்றது. எடை 2.7 கிராம்தான். டிராஜன் டெனாரியஸ் சாதாரணமாக 3 கிராமுக்கு மேல் இருக்கும். கேட்டதற்கு, தேய்மானம் என்றார் விற்றவர். பாதி மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நடந்தது இதுதான்: அசல் நாணயத்தின் பின்பக்கத்தை மழித்துவிட்டு, வேறொரு நாணயத்தை அதில் வைத்து அழுத்தியிருக்கிறார்கள். பணம் போனதைக்கூட மறந்துவிட்டேன். 1,900 வருடம் தப்பிப் பிழைத்த ஒரு நல்ல நாணயத்தைப் பாழாக்கினார்களே, அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

சரி, எப்படிச் சோதிப்பது? குழிவுப் பக்கத்தைப் படமெடுத்து, போனிலேயே இடவலமாகத் திருப்பி, முன்பக்கப் படத்தோடு ஒப்பிடுங்கள். காது, நாடா, எழுத்துகளின் இடைவெளி எல்லாம் பொருந்த வேண்டும். ஒட்டிய நாணயம் அடிபட்டு விரிவதால் குழிவு கொஞ்சம் பெரிதாக, மங்கலாக இருக்கலாம்; ஜாடை மாறக்கூடாது. முன்பக்க முகம் நசுங்கித் தட்டையாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். அந்தத் தம்பியின் நாணயத்தில் காதே பொருந்தவில்லை.

வெட்டுக் காயத்தைப் பிழை என்பது

1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளி வெட்டு இருந்தது. அது நாணயச் சாலையைவிட்டு வந்த பிறகு யாரோ வேண்டுமென்றே போட்ட வெட்டு. அதற்கென்று தனி வரலாறு உண்டு, ஆனால் அச்சுப் பிழைக் கணக்கில் சேராது.

ரம்பப்பல் விளிம்பு

பேரரசர்களுக்கு முந்தைய ரோமானியக் குடியரசுக் காலத்தில் வேண்டுமென்றே வெட்டியது. ஜெர்மானியர்கள் இந்த வகையை விரும்பி வாங்கியதாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸே எழுதியிருக்கிறார்.

வெள்ளிக்காசின் உள்ளே செம்பு தெரிவது

பெரும்பாலும் அந்தக் காலத்துக் கள்ளக்காசு.

மையம் விலகியது

கைவேலையில் சகஜம். லேசான விலகலுக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

குழம்பிய எழுத்து

செதுக்கியவர் எழுத்தை விட்டுவிட்ட அசல் நாணயங்கள் உண்டு. ஆனால் கதிர்க்கிரீடம் வைத்த சின்னச் செம்புக்காசில் எழுத்து வெறும் கோடுகளாக இருந்தால், அது கி.பி. 270-களில் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்), பிரிட்டன் பகுதிகளில் உள்ளூர்க்காரர்கள் அடித்த போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதையும் ஆசையாகச் சேர்க்கலாம், நானும் சேர்க்கிறேன். வாங்கும்போது போலி என்றே சொல்லி, அந்த விலைக்கே கேளுங்கள்.