தெருவில் ஓர் அன்பியம் தொடங்குவது எப்படி?

கி.பி. 313-இல் ரோமப் பேரரசு வழிபாட்டு உரிமை வழங்குவதற்கு வெகுகாலம் முன்பே, தொடக்ககாலக் கிறிஸ்தவர்களான பிரிஸ்கா, அக்கிலா தம்பதியின் வீட்டில் திருச்சபை கூடிவந்ததை விவிலியத்தில் உள்ள உரோமையர் திருமுகம் குறிப்பிடுகிறது. ஆகவே, அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடிச் செபித்து உதவி செய்யும், தமிழகக் கத்தோலிக்கர் அன்பியம் என்றழைக்கும் சிறு சமூகத்துக்குத் தனிக் கட்டடம் தேவையில்லை. நடந்தே வந்துசேரக்கூடிய 20 முதல் 30 குடும்பங்களை அழைத்து, வாரம் ஒரு மாலை, வீடு மாற்றி வீடு கூடுங்கள். தேநீருக்கு மேல் எதுவும் வேண்டாம். விருந்து வழக்கமாகிவிட்டால், ஏழை வீட்டார் தம் முறை வரும்போது கூச்சப்பட்டு விலகிவிடுவார்கள்.

இறைவார்த்தையை வாசித்துச் செபித்தபின், இந்த வாரம் நம் தெருவில் யாருக்கு என்ன தேவை என்று கேளுங்கள். மருத்துவமனையில் துணைக்கு ஆளில்லாத முதியவர், கட்டணம் கட்ட முடியாத மாணவி என ஒவ்வொருவருக்கும் பொறுப்பாளரையும் நாளையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். இயேசு சொன்ன நல்ல சமாரியர் உவமையில், அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவியவரே வேற்றினத்தார். எனவே இந்து, இஸ்லாமிய அண்டை வீட்டாரையும் இப்பட்டியலில் சேர்த்து, கைம்மாறாக மதமாற்றத்தை மட்டுமல்ல, நன்றியைக்கூட எதிர்பாராமல் செய்யுங்கள்.

உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கும் பழைய வழக்கமே தொடக்க நிதிக்குப் போதும். கணக்கை மாதந்தோறும் எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள். தேர்தல் நேரத்தில் வேட்பாளர்கள் தேடி வருவார்கள். வணக்கம் சொல்லி அனுப்பலாம், அன்பியத்தின் பெயரால் எவருக்கும் வாக்குறுதி தரக் கூடாது.