நின்றிருந்த பம்பி பின்னுக்குச் சுற்றியது

கொழும்பில் ஒரு கழிவுநீர் பம்பி நிலையம் எங்கள் அணியின் பொறுப்பில் இருக்கிறது. முதலாம் பம்பி இரவு பகலாக ஓடியும் கழிவுநீர் சேரும் கிணற்றின் மட்டம் இறங்கவில்லை. இரண்டாம் பம்பியைப் போட்டால் உடனே ட்ரிப்: பாதுகாப்புச் சாதனம் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

முதலில் மழையைக் குற்றம் சொன்னோம். சாக்கடைக்குள் மழைநீர் புகுவது இங்கே வழக்கம்தானே. மழை விட்டு இரண்டு நாளாகியும் அதே கதை. மட்டத்துக்கேற்பப் பம்பியை இயக்கும் மிதவை சுவிட்சை மாற்றினோம். முதலாம் பம்பியைக் கழற்றினால் இம்பெல்லர் (நீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) சுத்தம். இரண்டாம் மோட்டாரில் மின்கசிவைத் தடுக்கும் காப்பு மின்தடையும் சரியாகவே இருந்தது. நான்கு நாள் போயிற்று.

இரவுப் பணியிலிருந்த ஒப்பரேட்டர்தான் சொன்னார்: "சேர், ரெண்டாவது நிண்டாலும் தண்டு சுத்துது. அதுவும் பின்னுக்கு." பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டமே இல்லை, அதனால் யாரும் எழுதவில்லை. அந்தப் படிவத்தைத் தயாரித்தது நான்தான்!

இரண்டாம் பம்பியின் வெளியேற்று வால்வை மூடினோம். தண்டு நின்றது, மட்டம் இறங்கத் தொடங்கியது. அதாவது முதலாவது தள்ளிய கழிவுநீரில் ஒரு பகுதி, இரண்டுக்கும் பொதுவான வெளியேற்றுக் குழாயிலிருந்து இரண்டாவதின் மூடாத ஒருவழி வால்வு வழியாகத் திரும்பக் கிணற்றுக்கே வந்திருக்கிறது. பின்னுக்குச் சுற்றும் பம்பியை முன்னுக்கு இயக்கினால் மோட்டார் மிகையாக மின்னோட்டம் இழுக்கும். ட்ரிப்புக்குக் காரணமும் அதுவே.

இரண்டு பம்பிகளையும் நிறுத்திப் பூட்டிவிட்டு ஒருவழி வால்வைத் திறந்தோம். மடலின் இடுக்கில் ஈரத் துடைப்பான்கள் கயிறாய் முறுக்கி, நடுவே ஒரு சாரத் (லுங்கி) துண்டு. எடுத்துப் போட்டதும் இரண்டு பம்பியும் ஒழுங்காக ஓடுகின்றன. படிவத்தில் இப்போது ஒரு கட்டம் கூடியிருக்கிறது: நிற்கும் பம்பியின் தண்டு சுற்றுகிறதா?